போர்க்களப் பயண ஏற்பாட்டாளர்களுக்கு: நிறுத்தங்களைக் குறையுங்கள், பெயர்களைத் தேடித் தாருங்கள்

பெல்ஜியம், வட பிரான்ஸ் போர்க்களங்களுக்கும் போர்க் கல்லறைகளுக்கும் குழுப் பயணம் நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

அடுத்த பருவத்துக்கான அட்டவணையை அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். முதலாம் உலகப் போரின் மேற்கு முனையில், ஈப்பர், அராஸ், சொம் பகுதிகளில் குழுக்களுக்கு வழிகாட்டுகிற நாங்கள் சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. கோரிக்கை ஒன்றுதான். நிறுத்தங்களைப் பாதியாகக் குறையுங்கள். மிச்சமாகும் நேரத்தைப் பயணிகளின் கையில் ஒரு பெயரைக் கொடுத்து, அந்தப் பெயர் இருக்கும் கல்லுக்கு முன்னால் அவர்களை நிறுத்துவதற்குச் செலவிடுங்கள்.

"ஒரே நாளில் பத்து இடங்கள்" என்று விளம்பரம் செய்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 பேர் பேருந்தை விட்டு இறங்கப் பத்து நிமிடம் ஆகும். திரும்ப ஏறி, தலை எண்ணி, கதவைச் சாத்த இன்னொரு பத்து நிமிடம். பத்து இடத்துக்கு 200 நிமிடம். மூன்று மணி இருபது நிமிடம் பேருந்தின் படிக்கட்டிலேயே கரைகிறது. ஓட்டமும் சாப்பாடும் கழிப்பறை வரிசையும் போக, ஓர் இடத்துக்கு மிஞ்சுவது பதினைந்து, இருபது நிமிடம். டைன் காட் கல்லறையில் அந்த நேரத்துக்குள் வாசலிலிருந்து பின்சுவர் வரை நடந்து திரும்பலாம், அவ்வளவுதான்.

அந்த டைன் காட்டையே எடுத்துக்கொள்வோம். உலகிலுள்ள காமன்வெல்த் போர்க் கல்லறைகளில் மிகப் பெரியது அது. கிட்டத்தட்ட 12,000 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் 8,300-க்கும் மேற்பட்டவர்கள் யாரென்றே தெரியாது. பின்னால் வளைந்து நிற்கும் சுவரில் உடல் கிடைக்காத ஏறத்தாழ 35,000 பேரின் பெயர்கள். நடுவில் உயர்ந்து நிற்கும் கல் சிலுவைக்கு அடியில் இருப்பது ஒரு ஜெர்மன் கான்கிரீட் அரண். 1922-இல் இங்கே வந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் சொன்ன யோசனைப்படி அந்த அரண் மேலேயே சிலுவையை எழுப்பினார்கள். வெள்ளைக் கல்லால் மூடிய அந்த மேடையில் ஒரு வெண்கல மலர்வளையம் பதித்திருக்கும். அதன் நடுவே கையகல இடத்தை மூடாமல் விட்டு, பழைய கான்கிரீட் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். இருபது நிமிடத்தில் ஓடுகிறவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அந்தச் சொரசொரப்பைப் பார்த்தால்தான், தாம் நிற்கும் பூந்தோட்டம் ஒரு காலத்தில் இயந்திரத் துப்பாக்கி மேடு என்பது உறைக்கும்.

எனவே ஈப்பர் பகுதிக்கு ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் எங்கள் யோசனை நான்கே இடங்கள். காலையில் லைசன்ட்ஹூக், பிறகு டைன் காட், பிற்பகலில் லாங்கமார்க், இரவு எட்டு மணிக்கு, உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் பொறித்த ஈப்பர் ஊர் நினைவு வளைவான மெனின் வாயில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். அதற்குக் காரணம் உண்டு.

லைசன்ட்ஹூக் போப்பரிங்க ஊருக்கு அருகில், போர்முனைக்குப் பின்னால் இருந்த கள மருத்துவமனைகளின் கல்லறை. காயத்தோடு வந்து படுக்கையில் இறந்தவர்கள் என்பதால் கிட்டத்தட்ட எல்லாருக்கும் பெயர் உண்டு. இறந்த தேதி வரிசையிலேயே பெரும்பாலும் புதைத்திருப்பதால், வரிசை வரிசையாக நடந்தால் போரின் நாட்காட்டியையே நடந்து பார்த்தது போலிருக்கும். 1917-ஆம் ஆண்டுக் கோடைக்கு வரும்போது ஒரே தேதி கல் கல்லாகத் தொடரும். பிரிட்டிஷாரோடு பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், சீனத் தொழிலாளர் எல்லோரும் அங்கே கிடக்கிறார்கள். ஆயிரக்கணக்கான ஆண்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண்: 1917 ஆகஸ்டில் குண்டு விழுந்து இறந்த செவிலியர் நெல்லி ஸ்பிண்ட்லர். பெயருள்ள இந்தக் கல்லறையை முதலில் பார்த்தவருக்குத்தான் டைன் காட்டில் "கடவுள் அறிவார்" என்று மட்டும் பொறித்த கற்களின் கனம் புரியும். அதன் பின் லாங்கமார்க்: கருவாலி மரங்களின் நிழல், தரையோடு படிந்த கற்கள், 44,000-க்கும் மேற்பட்ட ஜெர்மானியர்கள். அவர்களில் சுமார் 25,000 பேர் ஒரே பொதுக்குழியில். எதிர்த்தரப்பையும் பார்க்காத பயணம் அரைப் பயணம்தான்.

லாங்கமார்க் பற்றி ஒன்று. 1914-இல் மாணவர் படை பாட்டுப் பாடிக்கொண்டே சாவை நோக்கி நடந்தது என்ற கதையை இன்னும் சில வழிகாட்டிகள் மனமுருகச் சொல்கிறார்கள். அந்தப் படைப்பிரிவுகளில் மாணவர்கள் சிறுபான்மையினரே. அந்தக் கதையைப் பிற்பாடு ஊதிப் பெருக்கி அரசியலுக்குப் பயன்படுத்தியவர்களில் நாஜிகளும் உண்டு. அதைச் சொல்லவே வேண்டாம். நேரம் இருந்தால் 25,000-க்கும் மேற்பட்ட ஜெர்மானியர் கிடக்கும் விளாட்ஸ்லோவுக்கு அழைத்துப் போங்கள். ஜெர்மன் சிற்பி கேத்தே கோல்விட்ஸ் 1914 அக்டோபரில் இறந்த தன் மகன் பீட்டருக்காகச் செதுக்கிய தாயும் தந்தையும் அங்கே மண்டியிட்டிருக்கிறார்கள். தாய் குனிந்து ஒடுங்கியிருக்கிறாள். தந்தை இரு கைகளாலும் தன்னையே இறுக்கிக்கொண்டிருக்கிறார். அவர் பார்வை விழும் இடத்தில் மகன் பெயர் உள்ள கல். பையனுக்கு வயது 18. இதற்கு மேல் எந்தக் கதையும் தேவையில்லை.

அடுத்தது பெயர் தேடும் வேலை. இதில்தான் அதிகமாகப் பிழை நடக்கிறது.

புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பாவது ஒவ்வொரு பயணியிடமும் கேளுங்கள்: உங்கள் குடும்பத்திலோ ஊரிலோ படிப்பில் தெரிந்தவர்களிலோ தேட வேண்டிய பெயர் உண்டா? இல்லாதவருக்கு நீங்களே ஒன்றைத் தேர்ந்து கொடுங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தரவுத்தளம் எல்லோருக்கும் இலவசம். ஜெர்மானியருக்கு ஃபோல்க்ஸ்பண்ட் அமைப்பின் பட்டியல் உண்டு. ஆணையப் பட்டியலில் கல்லறை எண் மூன்று பகுதியாக இருக்கும். முதலில் ரோமன் எண்ணில் பகுதி, பிறகு ஆங்கில எழுத்தில் வரிசை, கடைசியில் கல்லின் எண். இந்த மூன்றையும் கல்லறையின் வரைபடத்தோடு காகிதத்தில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். வாசலில் சிறு வெண்கலக் கதவுக்குப் பின்னால் பதிவேடு இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் 45 பேருக்கு ஒரே பதிவேடு. சில நேரம் அதுவும் இருக்காது. வயல் நடுவே கைபேசிச் சிக்னலை நம்பவும் முடியாது.

கல்லறை இல்லாதவரின் பெயர் எந்த நினைவுச் சின்னத்தில் இருக்கும் என்பதில் தவறினால் அந்தக் குடும்பத்தின் ஒரு நாளே பாழ். ஈப்பர் பகுதியில் உடல் கிடைக்காத பிரிட்டிஷ் வீரர் 1917 ஆகஸ்ட் 15 வரை இறந்தவர் என்றால் பொதுவாக மெனின் வாயிலில் இருப்பார். 16-ஆம் தேதி முதல் என்றால் டைன் காட் சுவரில். ஆஸ்திரேலியர், கனடியர், இந்தியர் என்றால் தேதி எதுவானாலும் மெனின் வாயில்தான். சொம் பகுதியில் பிரிட்டிஷ், தென்னாப்பிரிக்க வீரர்கள் தியெப்வாலில் 72,000-க்கும் மேற்பட்ட பெயர்களோடு இருக்கிறார்கள். பிரான்ஸில் தொலைந்த கனடியர் விமியில், ஆஸ்திரேலியர் விலேர்-ப்ரெத்தனோவில். பெயர்கள் முதலில் படைப்பிரிவு, பிறகு பதவி, அதற்குள் அகரவரிசை என்ற முறையில் இருக்கும். படைப்பிரிவு தெரியாமல் வெறும் குடும்பப் பெயரோடு 54,000 பெயர்களுக்கு முன்னால் நின்றால் கழுத்து வலிதான் மிச்சம். பலகை எண்ணைக் குறித்துக்கொடுங்கள். மெனின் வாயிலில் பல பலகைகள் தலைக்கு மேலே உயரத்தில் இருக்கின்றன. குழுவுக்கு இரண்டு பைனாகுலர் கட்டாயம்.

கல்லைப் படிக்கவும் சொல்லிக்கொடுங்கள். ஆணையத்தின் வழக்கமான கல் 813 மில்லிமீட்டர் உயரம், 381 மில்லிமீட்டர் அகலம். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு. மேலே படைச் சின்னம், பிறகு எண், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது, மதக் குறி. அடியில் குடும்பத்தார் கொடுத்த வாசகம், 66 எழுத்துக்குள். தொடக்கத்தில் அதற்கு எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ் கேட்டார்கள்; பிறகு விருப்பப்பட்டதைக் கொடுத்தால் போதும் என்றானது. அடியில் வெறுமையாக உள்ள கல்லைப் பார்த்து "பாவம், இவருக்கு யாருமில்லை" என்று பயணிகள் சொல்வது வழக்கம். அப்படி இல்லை. ஆணையம் அனுப்பிய கடிதம் வீடு மாறிய குடும்பத்துக்குப் போய்ச் சேராமலிருக்கலாம். நியூசிலாந்துக்காரர் என்றால் அந்த நாட்டு அரசே வாசகம் வேண்டாமென்று முடிவு செய்தது.

வெள்ளைக் கல்லில் வெட்டிய எழுத்து உச்சி வெயிலில் கண்ணுக்குத் தெரியாது, படத்தில் அறவே தெரியாது. அதற்காகச் சுண்ணாம்புக் கட்டியையோ மாவையோ தேய்க்கவே கூடாது. கல் நுண்துளை உள்ளது, ஏறியது இறங்காது. கல்லின் ஓரத்திலிருந்து ஒரு கைக்கண்ணாடியால் வெயிலைச் சாய்வாக அடியுங்கள். எழுத்தின் விளிம்பில் நிழல் விழுந்து பெயர் எழுந்து நிற்கும். மேகமூட்டமாக இருந்தால் குடையால் மறைத்து டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலும் அதே பலன்.

இந்தியப் பயணிகள் உள்ள குழுக்களுக்கு நவ் ஷப்பெல்லைச் சேர்க்காமல் விடாதீர்கள். ஈப்பரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1915 மார்ச் 10 முதல் 13 வரை நடந்த சண்டையில் இந்தியப் படைகள் முன்னணியில் நின்ற ஊர் அது. ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்த வட்டமான நினைவிடம் 1927 அக்டோபரில் திறக்கப்பட்டது. கிட்டத்தட்ட 15 மீட்டர் உயரத் தூண், அதன் இருபுறமும் கல் புலிகள், சுற்றுச்சுவரில் 4,700-க்கும் மேற்பட்ட பெயர்கள். இங்கே தேடும்போது பெயரை நம்பாதீர்கள். ராம், சிங், கான் என்று ஒரே பெயர் பத்துப் பேருக்கு இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் எழுத்தருக்கு எழுத்தர் மாறியிருக்கும். படைப்பிரிவு, படை எண், பதிவேட்டில் உள்ள தந்தை பெயர், ஊர் ஆகியவற்றை வைத்துத்தான் ஆளை உறுதி செய்ய வேண்டும். எதிர்ப்புறம் சாலையைக் கடந்தால் போர்ச்சுகல் வீரர்களின் கல்லறை. ஐந்து நிமிடம் அங்கேயும் நில்லுங்கள். அங்கிருந்து நோத்ர தாம் த லொரெத் குன்றுக்குப் போனால், 2014-இல் திறந்த நினைவு வளையத்தில் 5,79,606 பெயர்கள் நாடு, பதவி பார்க்காமல் அகரவரிசையில் ஓடுகின்றன. சிங்கும் ஜெர்மன் ஷ்மிட்டும் ஆங்கில ஸ்மித்தும் ஒரே வரிசையில் நிற்பதை வேறெங்கும் இப்படிப் பார்க்க முடியாது.

ஆனால் தமிழ்க் குடும்பங்களிடம் ஆசை காட்டிப் பயணச்சீட்டு விற்காதீர்கள். முதலாம் போரில், தமிழர்கள் சேர்ந்திருந்த பொறியியல் படையான மதராஸ் சாப்பர்கள் பெரும்பாலும் அனுப்பப்பட்டது மெசபடோமியாவுக்கு. அங்கே கல்லறையின்றிப் போனவர்கள் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் நினைவுகூரப்படுகிறார்கள். பெல்ஜியத்தில் தேடினால் கிடைக்காது. ஐரோப்பாவில் மதராஸ் சாப்பர்களைத் தேட வேண்டிய இடம் இத்தாலி, அதுவும் இரண்டாம் உலகப் போர். 1944-இல் கசினோவில் போரிட்ட 4-ஆம் இந்திய டிவிஷனில் அவர்களின் 12-ஆம் ஃபீல்டு கம்பெனி இருந்தது. அந்தக் குடும்பங்களுக்குக் கசினோ, சாங்ரோ, ஃபோர்லி என்று தனிப் பயணம் போடுங்கள். இந்துக்களும் சீக்கியர்களும் பலர் தகனம் செய்யப்பட்டவர்கள். ஆகவே கல் இருக்காது, தகன நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டும் இருக்கும் என்பதை விமானம் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நம் வழக்கப்படி வழிபட நினைக்கிறவர்களைத் தடுக்க வேண்டாம், வழி சொல்லிக்கொடுங்கள். கல் மேல் எண்ணெய், குங்குமம், மஞ்சள், கற்பூரம் எதுவும் கூடாது. சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய் ஊறினால் கறை போகவே போகாது. பிளாஸ்டிக் சுற்றாத உதிரிப்பூவைக் கல்லின் அடியில் வையுங்கள். கல்லுக்கு முன்னாலுள்ள குறுகிய பாத்தியில் ரோஜாவும் சிறு செடிகளும் இருக்கும். அதில் கால் படாமல் புல்லில் மட்டும் நடக்க வேண்டும். எசெக்ஸ் ஃபார்ம் கல்லறையில் 15 வயதில் இறந்த ஸ்ட்ரட்விக் என்ற சிறுவனின் கல்லுக்கு முன்னால் ஓயாத கால்கள் பட்டுப் புல்லே தேய்ந்துபோகிறது. அங்கே 45 பேரை ஒரே நேரத்தில் விடாதீர்கள், மூன்றாகப் பிரியுங்கள். பேச வேண்டியதைப் பேருந்துக்குள்ளேயே பேசி முடித்துவிடுங்கள். உள்ளே காதில் மாட்டும் கேட்பொறி போதும், கத்த வேண்டாம். பக்கத்து வரிசையில் இன்னொரு குடும்பம் தன் கல்லைத் தேடி வந்திருக்கும்.

மெனின் வாயில் சடங்கு. 1928 முதல் நடக்கிறது. ஜெர்மன் ஆக்கிரமிப்பு ஆண்டுகளில் இங்கிலாந்தின் புரூக்வுட்டில் நடத்தினார்கள். ஊர் விடுபட்ட 1944 செப்டம்பர் 6 மாலையே இங்கே திரும்பியது. இரவு 8 மணிக்குப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு ஊதுகொம்புக்காரர்கள் 'லாஸ்ட் போஸ்ட்' என்ற அஞ்சலி இசையை இசைப்பார்கள். கோடையில் 7.15-க்கே போய் நிற்காவிட்டால் முன்னால் உள்ளவர்களின் முதுகுதான் தெரியும். கைதட்டக் கூடாது, இதை அங்கே போய்ச் சொன்னால் பாதிப்பேர் தட்டிவிடுவார்கள், பேருந்திலேயே சொல்லுங்கள். மலர்வளையம் வைக்க வேண்டுமானால் லாஸ்ட் போஸ்ட் சங்கத்திடம் முன்கூட்டியே பதிய வேண்டும்.

பல குழுக்கள் இந்தச் சடங்கைத் தவறவிடுவது ஓட்டுநரின் வேலை நேரக் கணக்கால். ஐரோப்பிய விதிப்படி ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் தொடர்ந்து 11 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும். அப்படியென்றால் காலை 7-க்கு வேலையைத் தொடங்கினால் இரவு 8-க்கு வண்டி நிறுத்தத்தில் இருக்க வேண்டும். ஓய்வை 9 மணி நேரமாகக் குறைக்கலாம், ஆனால் ஒரு வாராந்திர ஓய்வுக்கும் அடுத்த வாராந்திர ஓய்வுக்கும் இடையே மூன்று முறைதான். அதை ஏற்கெனவே பாரிஸில் செலவழித்துவிட்டு, ஈப்பரில் வந்து ஓட்டுநரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவர் மறுப்பது சட்டப்படி சரி. நாலரை மணி ஓட்டத்துக்குப் பின் 45 நிமிட இடைவேளை, ஒரு நாளைக்கு 9 மணி ஓட்டம் என்ற வரம்புகளும் உண்டு. தீர்வு எளிது. அன்றிரவு தங்குமிடத்தை ஈப்பர் ஊருக்குள், வாயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் எடுங்கள். அறை வாடகை கொஞ்சம் கூடும். அதற்காக லில் நகரத்தில் தங்குவது போலிச் சிக்கனம்.

விசா விஷயம் சுருக்கமாக: பெல்ஜியத்தில் எத்தனை இரவு, பிரான்ஸில் எத்தனை இரவு என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் ஷெங்கன் விண்ணப்பம் போட வேண்டும். நடுவில் லண்டன் போய்த் திரும்புவதாக இருந்தால் பிரிட்டன் விசா தனி. ஷெங்கனும் பலமுறை நுழைவுக்கானதாக இருக்க வேண்டும்.

சிறு கல்லறைகளில் கழிப்பறை கிடையாது. டைன் காட், தியெப்வால் போன்ற பார்வையாளர் மையம் உள்ள இடங்களைச் சுற்றித்தான் நாளைத் திட்டமிட வேண்டும். வேலியோரம் ஒதுங்குவது அந்த ஊர் விவசாயிகளுக்கு எவ்வளவு மனக்கசப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. சொம் பக்கத்துச் சிற்றூர் உணவகங்களில் மதியம் 12 முதல் 2 வரைதான் அடுப்பு எரியும். ஞாயிறும் திங்களும் பல மூடியிருக்கும். சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் அன்று காலை பொட்டலம் கட்டிக்கொள்வதே மேல்.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று. ஃபிளாண்டர்ஸிலும் சொம்மிலும் உழும் போதெல்லாம் வெடிக்காத பீரங்கிக் குண்டுகள் இன்னும் மேலே வருகின்றன. விவசாயிகள் அவற்றை வயல் ஓரத்தில், மின்கம்பத்தின் அடியில் வைத்துவிடுவார்கள், ராணுவம் வந்து எடுத்துப்போகும். துருப்பிடித்த இரும்பு உருளையாகத்தான் தெரியும். சிலவற்றுக்குள் விஷவாயு இருக்கும், நூறாண்டு கழிந்தாலும் அதன் வீரியம் போகவில்லை. காலால்கூடத் தொடக் கூடாது. விமியில் சில பகுதிகளில் புல்லை மேய ஆடுகளை விட்டிருப்பதே மனிதர் இயந்திரத்தோடு அங்கே கால் வைக்க முடியாததால்தான். வீட்டுக்கு நினைவாக ஒரு குண்டுத் துண்டு எடுத்துப்போக நினைக்கும் பயணி ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது இருப்பார். யூரோஸ்டார் ரயிலில் குண்டோ குண்டுத் துண்டோ எடுத்துச் செல்லத் தடை. பிடிபட்டால் அவரோடு சேர்த்து நிலையமே முடங்கும். முதல் நாள் காலை, பேருந்து கிளம்பும் முன், பைகளைப் பற்றி இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

சொம் சண்டை தொடங்கிய ஜூலை 1-ஐ ஒட்டிய நாட்களில் சொம்மிலும், போர் நின்ற நவம்பர் 11-ஐ ஒட்டி ஈப்பரிலும் சாலைகள் மறிக்கப்படும், அறைகள் கிடைக்காது. கூட்டம் வேண்டாம், பெயர் தேட அவகாசம்தான் வேண்டும் என்றால் மே நடுவிலோ செப்டம்பர் கடைசியிலோ வாருங்கள். அக்டோபரில் சர்க்கரைப் பீட்ரூட் அறுவடை. டிராக்டர் சக்கரத்து களிமண் சாலையில் படிந்து, 12 மீட்டர் பேருந்து குறுகிய பாதையில் வழுக்கும், திரும்பவும் இடமிருக்காது.

புது அட்டவணையில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எதிரே, அங்கே எந்தப் பயணி எந்தப் பெயரைத் தேடப்போகிறார் என்று எழுத ஒரு கட்டம் விடுங்கள். கட்டம் காலியாக உள்ள இடங்களை அட்டவணையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மேற்கு முனைப் பாதைகளில் குழுக்களோடு நடக்கும் வழிகாட்டிகள் சிலர்